பழைய சைக்கிளா? முதல்ல ஓடட்டும், அப்புறம் மினுக்கலாம்!

தாத்தா ஓட்டின ஹெர்குலிஸோ, காயலான் கடையில் எடைக்கு வாங்கின ராலேயோ, பழைய சைக்கிள் கைக்கு வந்ததும் நீங்க ஓடுறது பெயின்ட் கடைக்குத்தான். காசு கரையறதே அங்கேதான். பளபளன்னு பெயின்ட் அடிச்சு, பிரேக் பிடிக்காம மொட்டை மாடியில் நிற்கிற வண்டிகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப்போச்சு. அக்கா வரிசையா சொல்றேன், அதே வரிசையில் செய்யுங்க. வேலைக்குப் போறவங்க ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வேலைன்னு வெச்சுக்கோங்க.

1. வாங்கப் போகும்போது நூல்கண்டு எடுத்துட்டுப் போங்க. பின்சக்கர அச்சு உட்காருற இடத்தில் நூலைக் கட்டி, ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற தலைக்குழாயைச் சுற்றி, மறுபக்க அச்சு வரைக்கும் இழுத்துக் கட்டுங்க. சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருக்கணும். இல்லைன்னா ஃப்ரேம் கோணல். தலைக்குழாயை ஒட்டி, கீழ்க்குழாயின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்க. பெயின்ட் சுருங்கியோ வெடிச்சோ இருந்தா வண்டி எங்கேயோ மோதியிருக்கு. மேல்துருவுக்கு வைத்தியம் உண்டு. கோணல் ஃப்ரேமை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் விட்டுட்டு வந்துடுங்க.

2. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன்னாடி ஒரு போட்டோ. நட்டு, வாஷரை எல்லாம் ஒரே டப்பாவில் கொட்டாதீங்க. கழற்றின போல்ட்டிலேயே திரும்ப மாட்டி வைங்க. மாட்டும்போது பாதி நேரம் மிச்சம்.

3. பெடல் மரையை அழிக்காதீங்க. இடது பெடலுக்குத் தலைகீழ் மரை. எந்தப் பக்கம் திருப்பணும்னு குழம்பவே வேண்டாம். ஸ்பானரின் கைப்பிடி மேலே பார்த்தபடி இருக்கட்டும், பின்சக்கரத்தைப் பார்த்துத் தள்ளுங்க. ரெண்டு பெடலும் அப்படித்தான் கழலும்.

4. கிராங்கைப் பெடல் அச்சோட பூட்டுற காட்டர் பின்னை அவசரப்பட்டு அடிக்காதீங்க. பழைய வண்டியில் அதிகம் பேர் கெடுக்கிற இடம் இது. முந்தின நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வைங்க. நட்டை முழுசா கழற்றாம, பின்னின் நுனியோட சமமா நிறுத்துங்க. அப்போதான் மரை நசுங்காது. கிராங்குக்கு அடியில் தரை வரைக்கும் ஒரு கனமான இரும்புக் குழாயை முட்டுக் கொடுங்க. முட்டு இல்லைன்னா அடி முழுக்க உள்ளே இருக்கிற பால்ரஸ் மேலே இறங்கும். அப்புறம் பலமா ஒரே அடி. பொத்துப் பொத்துன்னு தட்டினா பின் வளையுமே தவிர, வெளியே வராது. புதுப் பின் போடும்போது ரெண்டும் எதிரெதிர்ப் பக்கமா நுழையணும். இல்லாட்டி கிராங்க் ரெண்டும் ஒரே நேர்க்கோட்டில் நிற்காது.

5. பால்ரஸை மொத்தமா மாத்துங்க. பழசு நாலு, புதுசு ஆறுன்னு கலக்காதீங்க. தேய்ஞ்சதும் தேயாததும் சேர்ந்தா பாரம் சமமா விழாது. சாதாரணமா முன் ஹப்பில் பக்கத்துக்கு 10, பின் ஹப்பில் 9, பெடல் அச்சில் 11 இருக்கும். இருந்தாலும் கழற்றும்போது எண்ணிக்கோங்க. பழைய கிரீஸைத் துடைச்சு எடுத்துட்டுப் புதுசு வைங்க. பெடல் அச்சில் இடது கப்பைக் கழற்றினாலே வேலை முடிஞ்சுடும். செயின் பக்கத்துக் கப்பும் தலைகீழ் மரைதான், அதை வம்புக்கு இழுக்காதீங்க.

6. செயினை ஸ்கேல் வெச்சு அளங்க. ஒரு பின்னின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினா சரியா 12 அங்குலம் வரணும். 1/16 அங்குலம் கூடியிருந்தா செயினை மாத்துங்க. 1/8 கூடியிருந்தா பல்சக்கரமும் தேய்ஞ்சிருக்கும். செயின் லாக்கின் மூடின பக்கம் செயின் ஓடுற திசையைப் பார்க்கணும். மாத்திப் போட்டா எதிலாவது உரசி நடுரோட்டில் கழன்றுடும்.

7. டயரைக் கண்ணளவில் வாங்காதீங்க. பழைய பெரிய சைக்கிளின் 28 × 1½ டயரில் 635-ன்னு போட்டிருக்கும். 700சி டயர் 622. பார்க்க ஒண்ணு போல இருக்கும், ஆனா உட்காராது. 26 × 1⅜ டயர் 590. மலை சைக்கிளின் 26 அங்குல டயர் 559. பக்கவாட்டில் இருக்கிற அந்த மூணு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்க. ரிம் மாத்துறவங்க முதல்ல போக்ஸ் கம்பி ஓட்டையை எண்ணுங்க. நிறைய பழைய வண்டிகளில் முன்னால் 32, பின்னால் 40.

8. கம்பி பிரேக்கைத் தூக்கி எறியாதீங்க. அதோட பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கத்தில் அழுத்தும். பக்கவாட்டில் பிடிக்கிற பிரேக்குக்கு ரிம்மில் தட்டையான பக்கம் வேணும், இந்த ரிம்மில் அது கிடையாது. ரிம்மையும் மாத்தாம பிரேக்கை மட்டும் மாத்தினா காசு தண்டம். புதுக் கட்டை போட்டு, கம்பி மூட்டுகளுக்கு ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விட்டா போதும். கட்டையில் எண்ணெய் படவே கூடாது. இரும்பு ரிம் மழையில் வழுக்கும். அன்னிக்கு மெதுவா போங்க.

9. கியர் ஆசைக்குச் சின்ன வழி இருக்கு. இப்போ வர்ற கியர் ஹப் பலதும் 135 மில்லிமீட்டர் அகலம், பழைய ஃப்ரேமில் அதுக்கு இடம் பத்தாது. அதுக்காகப் பழைய ஃப்ரேமை நெம்பி விரிக்காதீங்க. 18 பல் ஃப்ரீவீலுக்குப் பதிலா 22 போட்டுப் பாருங்க. மேடு ஏறுறது லேசாகும், செயினில் ஓரிரு கண்ணி கூட்டினா போதும். பின் ஹப்பில் ஸ்டர்மி ஆர்ச்சர், ஏ.டபிள்யூன்னு எழுத்து இருந்தா உங்களுக்கு யோகம்! அது 1936-லிருந்து வர்ற 3 கியர் ஹப். பழசுகளில் தயாரான வருஷமும் மாசமும் பொறிச்சே இருக்கும். பத்திரமா வெச்சுக்கோங்க.

10. மினுக்குறது கடைசி. ஹேண்டில் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க, குரோம் கீறிடும். சாப்பாடு சுத்துற அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணியில் நனைச்சுத் தேய்ங்க. பழைய பெயின்டில் கையால் இழுத்த தங்கக்கோடு இருந்தா அதன் மேலே ஸ்பிரே அடிக்கவே கூடாது. அந்தக் கோட்டைத் திரும்ப அப்படியே இழுக்க ஆள் கிடைக்கிறது கஷ்டம். துடைச்சு மெழுகு போட்டாலே அழகு.

11. சமையல் எண்ணெயைச் செயினில் விடாதீங்க. பிசுக்குப் பிடிச்சு மண்ணை இழுக்கும். மெஷின் ஆயிலை விட்டுட்டு, மேலே வழியறதைத் துணியால் துடைச்சுடுங்க.

எல்லாம் முடிஞ்சதும் தெருவுக்குள்ளேயே நாலு சுற்று ஓட்டிட்டு வந்து, காட்டர் பின் நட்டை இன்னொரு தடவை இறுக்குங்க. புதுப் பின் கொஞ்சம் உள்ளே இறங்கி உட்காரும். ரிம்மில் கோட்டம் எடுக்கிற வேலையை மட்டும் உங்க ஏரியா சைக்கிள் கடைப் பெரியவர்கிட்ட கொடுங்க. பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கம்பியை எவ்வளவு திருகுறார்னு கவனிங்க. அவர் கேட்கிற கூலியை முகம் சுளிக்காம கொடுங்க. அடுத்த வண்டிக்கும் அவர் தயவு வேணும்.