பாடசாலை மாறிய பிள்ளையின் மனம்

அண்மையில் ஒரு தாய் தீராத தலையிடி என்று என்னிடம் வந்தார். (அடையாளம் தெரியாதவாறு சில விபரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) இரத்த அழுத்தம் சரி, கண்ணும் சரி. எழும்பிப் போகும்போதுதான் கதவடியில் நின்று சொன்னார்: "டொக்டர், மகனைப் பள்ளிக்கூடத்தால நிப்பாட்டிப் போட்டினம். இப்ப வேற இடத்துக்குப் போறான். சனத்துக்குத் தெரியாது." பதினான்கு வயது. அடிபாடு. இரண்டு மாதமாக அவன் பழைய சீருடையோடுதான் வீட்டை விட்டு வெளிக்கிடுகிறான். பஸ்ஸில் வைத்து மாற்றிக்கொள்கிறான்.

அந்த 'வேற இடம்' மாற்றுக் கல்வி நிலையம். இங்கிலாந்தில் பி.ஆர்.யூ. என்பார்கள். நிரந்தரமாக விலக்கப்பட்ட பிள்ளைக்கு ஆறாவது பாடசாலை நாளிலிருந்து முழுநேரக் கல்வி ஒழுங்கு செய்வது கவுன்சிலின் சட்டக் கடமை. நோயாலோ கடும் மனப்பதற்றத்தாலோ வழமையான பாடசாலைக்குப் போக முடியாத பிள்ளைகளும் இப்படியான இடங்களில் படிக்கிறார்கள். எங்கள் சனம் நினைப்பதுபோல இது சிறுவர் சிறைச்சாலை அல்ல.

வகுப்பில் சில பிள்ளைகளே இருப்பார்கள். பல நிலையங்களில் காலையில் ஆசிரியரும் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து சாப்பிடுவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் பொறுப்பாக ஒருவர். தினமும் அதே முகம். "சும்மா செல்லம் குடுக்கினம்" என்று தகப்பன்மார் சொல்லக் கேட்டிருக்கிறேன். செல்லம் அல்ல. 1969இல் லண்டன் ஹக்னியில் மாஜரி பொக்சோல் என்ற உளவியலாளர் சிறு பிள்ளைகளுக்காகத் தொடங்கிய வகுப்புகளின் அடிப்படையும் இதுதான்: நம்பக்கூடிய ஒரு பெரியவர் முதலில், பாடம் பிறகு. ஆபத்து என்று உடல் உணர்ந்தால் அட்றினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், யோசிக்கும் திறன் பின்னுக்குப் போகும். அந்த நேரத்தில் "ஏன்டா அடிச்சனி?" என்று கேட்டால் அவனுக்கே பதில் தெரியாது. கோபம் தணிந்தபின் கேளுங்கள்.

நிலையத்திலிருந்து 25 வசனங்கள் கொண்ட கேள்விக்கொத்து ஒன்று வரக்கூடும். பிள்ளையின் மனநிலை, பழக்கவழக்கம் பற்றியது. தமிழிலும் உண்டு. எங்கள் பெற்றோர் பலர் எல்லாவற்றுக்கும் 'பிரச்சினை இல்லை' என்று அடையாளமிட்டு அனுப்பிவிடுகிறார்கள். இது சோதனை அல்ல, புள்ளி குறையாது. பிள்ளைக்கு நித்திரை இல்லை என்று எழுதாவிட்டால் உதவி எப்படி வரும்?

நானும் யாழ்ப்பாணத்தில் போரால் படிப்புக் குழம்பிய தலைமுறைதான். இரவில் திடுக்கிட்டு எழும்பிய எங்களை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க அவர்களுக்கும் தெம்பில்லை. அதனாலோ என்னவோ, பிள்ளையோடு மனக்கதை கதைக்க எங்களிடம் சொற்கள் குறைவு. "சாப்பிட்டியா, படிச்சியா" என்பதோடு முடிந்துவிடுகிறது. "இண்டைக்கு ஆரோட இருந்தனி?" என்று தொடங்கிப் பாருங்கள். மச்சானின் பெறுபேற்றை இழுக்காதீர்கள். "ஊருக்கு அனுப்பிப் போடுவன்" என்ற வெருட்டும் வேண்டாம். இருக்கும் ஒரு பிடியும் போய்விடும் என்றே அவன் விளங்கிக்கொள்வான்.

பிள்ளை தனிமையில் ஒதுங்கினால், சாப்பாடு குறைந்தால், வெக்கையிலும் நீளக் கைச்சட்டையைக் கழற்ற மறுத்தால் உங்கள் ஜீ.பி.யிடம் வாருங்கள். சாகவேணும் என்று சொன்னால் விளையாட்டாக எடுக்காதீர்கள்: 111ஐ அழைத்து மனநல உதவியைத் தெரிவுசெய்யலாம், உயிராபத்தென்றால் 999. எங்களிடம் சொல்வது கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகாது.

அந்தத் தாய்க்கு நான் புது மருந்து எழுதவில்லை. மகனின் பொறுப்பாளரோடு கதைக்கச் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் கேளுங்கள், மகனையே மொழிபெயர்க்க விடவேண்டாம் என்றும் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது தலையிடி இன்னும் இருந்தது. பழைய சீருடை மட்டும் அலுமாரிக்குள் போய்விட்டதாம்.