படகு எஞ்சினும் ஒரு சிறு துளையும்

மிக்ஸி ஜாரின் அடியிலிருந்து சட்னி கசிந்து மேடையில் வழிவதை நம்மில் பலர் வீட்டில் பார்த்திருப்போம். ஜாரைக் கவிழ்த்துப் பார்த்தால் காரணம் விளங்கும். பிளேடு உள்ளே சுழல வேண்டும். அதைச் சுழற்றும் மோட்டாரோ வெளியே இருக்கிறது. ஆகவே அடியில் துளையிட்டுத்தான் தண்டைச் செலுத்தியாக வேண்டும். தண்டு தடையின்றிச் சுழலவும் வேண்டும், சட்னி கீழே இறங்கவும் கூடாது. குக்கர் கேஸ்கட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது அசையாமல் உட்கார்ந்திருந்தாலே போதும். சுழலும் தண்டைச் சுற்றி நீரைத் தடுப்பதுதான் கடினம். அதைச் செய்யும் ரப்பர் வளையத்துக்குச் 'சீல்' என்று பெயர். பாய்மரப் படகின் எஞ்சினில் இந்தச் சீல் கெட்டால் என்ன ஆகும், அதை எப்படிச் சரிசெய்வது என்று இங்கே பார்ப்போம்.

பாய்மரப் படகுக்கு எஞ்சின் எதற்கு? காற்று ஓய்ந்தபோதும், துறைமுகத்தில் நுழையும்போதும், விளக்குக்கும் ரேடியோவுக்குமான பாட்டரிகளை மின்னேற்றவும் ஒரு சிறு டீசல் எஞ்சின் வேண்டியிருக்கிறது. நம் கடற்படை அதிகாரிகளான தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா என்னும் இரு பெண்கள் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29 அன்று திரும்பினர். வழியில் அவர்கள் கடந்த 'நீமோ முனை'க்கு மிக அருகிலுள்ள கரையே சுமார் 2,688 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அத்தகைய இடத்தில் எந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவது? படகில் இருப்பவரே மெக்கானிக்.

டீசலில் உள்ள ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. மற்றதில் பெரும்பகுதி வெப்பமாகிறது. மோட்டார் காருக்கு ரேடியேட்டரும் எதிர்க்காற்றும் உண்டு. படகின் எஞ்சினோ அடித்தட்டில் ஒரு பெட்டிக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் சுற்றிலும் குளிர்ந்த நீர் கடலளவு இருக்கிறதே! படகின் அடியில் உள்ள ஒரு வால்வு வழியாகக் கடல்நீர் உள்ளே வந்து, பாசியையும் குப்பையையும் பிடிக்கும் வடிகட்டியைத் தாண்டி, பம்பை அடைகிறது. பம்பு அதை வெப்பமாற்றி என்னும் குழாய்க்கூட்டுக்குத் தள்ளுகிறது. எஞ்சினுக்குள் சுற்றிவரும் நல்ல தண்ணீரின் சூட்டை அங்கே வாங்கிக்கொண்டு, கடல்நீர் புகையோடு கலந்து படகின் பின்புறம் வெளியேறுகிறது. கடல்நீரையே எஞ்சினுக்குள் விடும் பழைய முறையும் உண்டு. அதில் எஞ்சினை அதிகம் சூடேற விடக்கூடாது. விட்டால் உப்பு படிந்து நீர்வழிகள் அடைத்துக்கொள்ளும்.

இனிப் பம்புக்கு வருவோம். வெண்கலக் கூட்டுக்குள், பூவிதழ்போல் இறக்கைகள் விரிந்த ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழல்கிறது. இதற்கு இம்பெல்லர் என்று பெயர். கூட்டின் ஒரு பக்கம் சற்றுப் புடைத்திருப்பதால் அங்கே வரும் இறக்கைகள் மடங்கி, இடையிலுள்ள நீரை வெளியே பிதுக்குகின்றன. எஞ்சினின் கியரால் நேரே சுழலும் பம்புகளில், தண்டின் ஒரு முனை கடல்நீரிலும் மறுமுனை எஞ்சின் ஆயிலிலும் இருக்கும். ஆகவே இரண்டு சீல்கள் உண்டு: ஒன்று நீரைத் தடுக்க, மற்றொன்று ஆயிலைத் தடுக்க. இரண்டுக்கும் இடையே சிறு வெற்றிடம் விட்டு, அதன் அடியில் வேண்டுமென்றே ஒரு துளை போட்டிருக்கிறார்கள்.

அந்தத் துளையிலிருந்து நீர் சொட்டினால் நீர்ச் சீல் தேய்ந்துவிட்டது. ஆயில் சொட்டினால் ஆயில் சீல் தேய்ந்துவிட்டது. இதை அறியாதவர் செய்யும் பிழை ஒன்றுண்டு. துளையில் கசிகிறது, ஆகவே துளையைப் பசைவைத்து அடைப்போம் என்று அடைத்துவிடுவார்கள். சொட்டு நின்றுவிடும், நிம்மதியாகவும் இருக்கும். ஆனால் வெளியேற வழியில்லாத உப்புநீர் ஆயில் சீலைத் தாண்டி எஞ்சினுக்குள் போகத் தொடங்கும். ஆயில் அளவுகோலை எடுத்துப் பார்த்தால், பால் கலந்த காப்பிபோல் ஆயில் வெளுத்திருக்கும். பிறகு பேரிங்குகள் துருப்பிடித்துத் தேயும். சின்ன ரப்பர் வளையத்தோடு முடிந்திருக்க வேண்டிய செலவு முழு எஞ்சினையும் விழுங்கிவிடும்.

சொட்டுவது எந்த நீர் என்றும் அறிய வேண்டும். கடல்நீர் காய்ந்தால் வெள்ளை உப்பு படியும். எஞ்சினுக்குள் சுற்றும் நீரில் சாயமிட்ட கூலன்ட் கலந்திருப்பதால் அது நிறத்தோடு பிசுபிசுக்கும். அப்படியானால் பழுது வேறிடத்தில். நாக்கில் வைத்துப் பார்க்கும் வேலை மட்டும் வேண்டாம். கூலன்டில் பெரும்பாலும் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். ஆனால் அது நஞ்சு.

பழுது பார்க்குமுன் எஞ்சினை நிறுத்தி ஆறவிட்டு, அடித்தள வால்வை மூட வேண்டும். மூடாமல் குழாயைக் கழற்றினால் கடலே படகுக்குள் வந்துவிடும். பம்பைக் கழற்றி, மூடியைத் திறந்து, இம்பெல்லரை இழுத்தெடுத்ததும் இறக்கைகளை எண்ண வேண்டும். ஒன்று குறைந்திருந்தால் அந்தத் துண்டு வெப்பமாற்றியின் வாயில் சிக்கியிருக்கக்கூடும். தேடி எடுத்தேயாக வேண்டும். பின்னர்த் தண்டை வெளியே எடுத்துப் பழைய சீலை நெம்பி எடுக்கலாம்.

புதுச் சீலைப் போட அவசரப்படக் கூடாது. சீல் உரசிய இடத்தில் தண்டை நகத்தால் வருடிப் பார்க்க வேண்டும். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அந்தத் தண்டில் எந்தப் புதுச் சீலும் நிற்காது. தண்டையே மாற்ற வேண்டும். ஒரே மாதத்தில் மறுபடி கசிகிறதே என்று சீலைக் குறைசொல்பவர் பலர் பார்க்க மறந்தது இந்தப் பள்ளத்தைத்தான். சீலின் உதட்டைச் சுற்றி மெல்லிய சுருள்கம்பி இருக்கும். அந்தப் பக்கம் தான் தடுக்க வேண்டிய திரவத்தை நோக்கியிருக்க வேண்டும்: நீர்ச் சீலுக்கு நீர்ப்பக்கம், ஆயில் சீலுக்கு ஆயில் பக்கம். உதட்டில் சிறிது கிரீஸ் தடவி, சீலின் விளிம்பளவு அகலமுள்ள குழாய்த்துண்டை மேலே வைத்து, கோணாமல் அழுத்தி இறக்க வேண்டும். சுத்தியலால் ஒரு பக்கமாக அடித்தால் கோணிக்கொள்ளும். இம்பெல்லருக்குக் கிளிசரினோ சோப்புநீரோ தடவி உள்ளே தள்ளி, மூடிக்குப் புதிய காகிதக் கேஸ்கட் போட்டு, பம்பைப் பழையபடி எஞ்சினில் பூட்டிக் குழாய்களை மாட்ட வேண்டும்.

எஞ்சினை ஓட்டுமுன் அடித்தள வால்வைத் திறந்தோமா என்று பார்க்க வேண்டும். மறந்தால் இம்பெல்லர் நீரின்றி உரசிச் சீக்கிரமே கிழிந்துபோகும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் படகின் பின்புறம் புகையோடு நீர் விட்டுவிட்டுப் பீறிடுகிறதா என எட்டிப் பார்க்கலாம். பிறகு துளையின் கீழே ஒரு காகிதத்தை விரித்துவைத்து ஒரு மணி நேரம் காத்திருப்போம். காகிதம் நனையாதிருந்தால் கருவிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கலாம்.