எழுத்தும் வாழ்வும்

எழுத்தை நம்பி வாழ்தல் கூடுமோ என வினவும் மாணவ நண்பர்க்கு நம் திரிசிரபுரமே விடை கூறுகின்றது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) இந்நகரில் வாழ்ந்த காலத்து, அன்பர் வேண்ட நூல்கள் இயற்றிப் பரிசில் பெற்றார். மாணாக்கர்க்கோ கைம்மாறு கருதாது பாடஞ் சொன்னார். வரவு நிலையற்றது, செலவு ஓயாதது. பின்னர்த் திருவாவடுதுறை ஆதீனம் ஆதரித்தும் கடன் அவரை விட்டிலது.

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, தூய வளனார் கல்லூரியிற் பயின்ற சுஜாதா (1935–2008) வேறு நெறி கண்டார்; பெங்களூரிற் பொறியாளராய் ஊதியம் பெற்றுக்கொண்டே கதைகள் எழுதினார்.

முன்னவர்க்குக் குறைந்தது புலமையன்று, நிலையான வரவே. ஆதலின், எழுத்தால் தனித்து வாழ விழைவோர் முதலில் ஓராண்டுச் செலவுக்குப் பொருள் சேர்த்திடுக. புரவலர் ஒருவரையே நம்பற்க. கணக்கெழுதுதலைக் கலைக்கு இழுக்கென எண்ணற்க. அடுப்பெரியும் இல்லத்திலன்றோ ஏட்டின்முன் விளக்கும் நின்றெரியும்!