75 நாள் வெளிநாட்டுத் தொழில் பயணமா? கிளம்பும் முன் இதையெல்லாம் முடிச்சிடுங்க!

விசா கிடைச்சாச்சு, டிக்கெட் போட்டாச்சு, பெட்டி கட்டினா போதும்னு பலரும் நினைப்பதுண்டு. ஒரு வாரப் பயணத்துக்கு அது சரி. இரண்டரை மாதம் என்றால் கதை வேறு. அங்கே நீங்கள் சட்டப்படி தங்க வேண்டும். இங்கே வீடும் தொழிலும் நீங்கள் இல்லாமலே ஓட வேண்டும். திருப்பூரிலிருந்து பின்னலாடை மாதிரிகளோடு ஜெர்மனி செல்லும் ஒரு சிறு ஏற்றுமதியாளரை எடுத்துக்காட்டாக வைத்துப் பார்ப்போம்.

மூன்று மாதம் முன்பு: பாஸ்போர்ட்டும் நாள் கணக்கும்

ஜெர்மனி ஷெங்கன் நாடுகளில் ஒன்று. அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகும் பாஸ்போர்ட் குறைந்தது 3 மாதம் செல்ல வேண்டும். அது கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். காலாவதி நெருங்கினால் எம்பாஸ்போர்ட் சேவா செயலியிலேயே மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கலாம்.

குறுகிய கால விசாவில் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாள்தான் தங்க முடியும். போய் இறங்கும் நாள், கிளம்பும் நாள் இரண்டுமே கணக்கில் சேரும். 75 நாள் தங்கினால், அந்த 180 நாளுக்குள் மிச்சம் 15 நாள்தான். பிரான்ஸ், இத்தாலி போனாலும் அதே கணக்குதான். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வாய்ப்பு 15 நாள் முன்பு. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் கட்டாயம். தொழில் விசாவில் பேச்சுவார்த்தை நடத்தலாம், கண்காட்சி பார்க்கலாம். அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

ஒரு மாதம் முன்பு: உங்களுக்குப் பதில் கையெழுத்து யார்?

சொத்து, வங்கி, வழக்கு என ஏதாவது நிலுவையில் இருந்தால், நம்பகமான ஒருவருக்குத் தேவையான அளவுக்கு மட்டும் பொது அதிகாரப் பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். இதை ஏன் இங்கேயே முடிக்கணும்? வெளிநாட்டில் எழுதினால் இந்தியத் தூதரகத்தில் சான்று பெற வேண்டும். பத்திரம் இங்கே வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வையும் செலுத்த வேண்டும். அலைச்சல் இரட்டிப்பு.

ஜிஎஸ்டி கணக்கையும் மறக்க வேண்டாம். ஜிஎஸ்டிஆர்-3பி தொடர்ந்து இரண்டு முறை தாக்கல் ஆகாவிட்டால் இ-வே பில் முடங்கும். சரக்கு குடோனிலேயே நிற்கும். அதனால் இன்னொருவரை அங்கீகரிக்கப்பட்ட கையொப்பதாரராகச் சேர்த்துவிடுங்கள்.

கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் மாதிரிகளுக்கு ஏடிஏ கார்னே என்ற சுங்க ஆவணம் உண்டு. இந்தியாவில் இதை ஃபிக்கி அமைப்பு வழங்குகிறது. ஓராண்டு வரை செல்லும் இந்த ஆவணம் இருந்தால், அங்கே மாதிரிகளுக்கு இறக்குமதி வரி கட்ட வேண்டியதில்லை.

ஒரு வாரம் முன்பு: செல்பேசி, பணம், வீடு

ஆதார், வங்கி, ஜிஎஸ்டி எல்லாமே உங்கள் எண்ணுக்கு வரும் ஓடிபியை நம்பித்தான் இருக்கு. சர்வதேச ரோமிங்கை இங்கேயே இயக்கிவையுங்கள். திரும்பும் நாளையும் தாண்டிச் செல்லும்படி ரீசார்ஜ் செய்யுங்கள். அங்கே போய் உள்ளூர் சிம் போட்டாலும் நம்ம ஊர் சிம்மைக் கழற்றி வீச வேண்டாம்.

வெளிநாட்டுப் பணத்தை நோட்டாக ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் மதிப்புக்கு மேல் வாங்க முடியாது. மீதியைப் பயண அட்டையில் ஏற்றிக்கொள்ளுங்கள். இந்திய ரூபாய் 25,000 வரை கையில் வைத்திருக்கலாம்.

மாத்திரைகளோடு மருத்துவர் சீட்டும் இருக்கட்டும். பால்கோவா, நெய், பச்சைக் கறிவேப்பிலை எடுத்துப் போகாதீங்க. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி விமான நிலையத்திலேயே பறிமுதல் ஆகும்.

மின் கட்டணத்தை முன்பணமாகச் செலுத்தலாம். வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் உள்ளூர் காவல் நிலையத்தில் தகவல் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. பாஸ்போர்ட், விசா, காப்பீடு ஆகியவற்றின் நகல்களை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் அங்குள்ள காவல்துறையில் புகார், அடுத்து இந்தியத் தூதரகம். நகல் கையில் இருந்தால் மாற்று ஆவணம் பெறுவது சுலபம். தூதரக உதவி தாமதமானால் வெளியுறவு அமைச்சகத்தின் மதத் இணையதளத்தில் குறையைப் பதிவு செய்யலாம்.