கரித்துண்டா, நெல்மணியா, மணலா?

அகழாய்வுக் குழியிலிருந்து ஒரு பானை ஓடு மேலே வந்ததும் சுற்றி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வருஷத்துக்கு முந்தையது?" ஆய்வுக்கூடம் அதற்கு நேராகப் பதில் சொல்வதில்லை. மரம் எப்போது செத்தது, சூளை எப்போது எரிந்தது, மணல்பரல் கடைசியாக எப்போது வெயில் கண்டது என்று ஏதோ ஒரு சம்பவத்துக்குத்தான் அது காலம் சொல்லும். நமக்கு வேண்டியது எந்தச் சம்பவத்தின் காலம் என்று தெரிந்துகொண்டால் எந்த முறை என்பது பாதி முடிவான மாதிரி.

ஒருகாலத்தில் உயிரோடிருந்த பொருள் ஏதாவது கிடைத்தால் முதல் தேர்வு கரிமக் கணிப்பு. வில்லர்ட் லிபி 1949இல் முன்வைத்த, 1960இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித்தந்த முறை. உயிர் போனபின் கதிரியக்கக் கரிமம் 5,730 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க மிச்சம் இருக்காது. அணுக்களையே எண்ணும் இன்றைய முடுக்கிக் கருவிக்கு ஒரு நெல்மணி போதும். ஆனால் எதைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். கரித்துண்டு மரத்தின் வயதைச் சொல்கிறது, அடுப்பின் வயதை அல்ல. வைரம் பாய்ந்த நடுக்கட்டை, மரம் வெட்டப்படுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே வளர்ச்சியை நிறுத்தியிருக்கும். நெல் அப்படியல்ல, விளைந்த வருஷத்தோடு அதன் கணக்கு தொடங்கிவிடும். இரண்டும் கையில் இருந்தால் நான் நெல்லைத்தான் அனுப்புவேன்.

சிவகளையை எடுத்துக்கொள்வோம். அங்கே தாழியில் கிடைத்த நெல்லுக்கு கி.மு. 1155 என்று காலம் வந்தது. 2025இல் வெளியான இரும்பின் தொன்மை அறிக்கையில் அதே ஊர்க் கரித்துண்டு ஒன்றுக்கு கி.மு. 3345. இதில் ஒன்று பொய்யாக வேண்டியதில்லை. ஓர் ஈமக்காடு நெடுங்காலம் புழக்கத்தில் இருந்திருக்கலாம். நடுக்கட்டையை வைத்துச் சில நூறு ஆண்டு வித்தியாசத்தை விளக்கலாமே தவிர, இரண்டாயிரத்தை விளக்க முடியாது. ஆனாலும் இரும்பு அவ்வளவு பழையது என்ற பெரிய செய்திக்கு நெல், விதை போன்ற குறுவாழ்வுப் பொருள்களிலிருந்தும் சில கணிப்புகள் வந்தால் வாதம் இன்னும் திடமாக நிற்கும்.

கீழடிக் காலத்துக்கு வேறொரு சங்கடம். ஆய்வுக்கூட அளவை மரவளையங்களோடு ஒப்பிட்டுத்தான் நாட்காட்டி ஆண்டாக மாற்றுவார்கள். கி.மு. 800க்கும் 400க்கும் இடையில் அந்த ஒப்பீட்டுக்கோடு கிட்டத்தட்டத் தட்டையாகிவிடுகிறது. 2,450 ஆண்டு என்று ஓர் அளவு வந்தால் அது கி.மு. 750ஆகவும் இருக்கலாம், 410ஆகவும் இருக்கலாம். கீழடியின் கி.மு. 580 என்ற எண்ணைச் செய்தித்தாள் ஒரே வருஷமாக அச்சிடுகிறது. அதை ஒரு வீச்சின் நடுவே வைத்துப் படிப்பதே முறை. இங்கே கைகொடுப்பது இன்னொரு கருவியல்ல, மண்ணடுக்குதான். அடியிலிருந்து மேல்வரை வரிசையாக ஐந்தாறு மாதிரி எடுத்தால், கீழே உள்ளது முந்தியது என்ற ஒரே விதி பல வீச்சுகளைச் சுருக்கிவிடும். ஒரே ஒரு மாதிரிக்குத்தான் பணம் இருக்கிறதென்றால், கீழடி போன்ற இடத்தில் தலைப்புச் செய்திக்கு அவசரப்படாமல் இருப்பது நல்லது.

கரியும் இல்லை, விதையும் இல்லை, வெறும் மண்ணும் கல்லும்தான் என்றால் ஒளிர்வு முறை. புதைந்த குவார்ட்ஸ் பரலில் சுற்றுமண்ணின் கதிர்வீச்சு ஆற்றலைச் சேர்த்துக்கொண்டே போகும். வெயிலோ சூளை நெருப்போ பட்டால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். அதனால்தான் குழிச்சுவரில் இரும்புக் குழாயை அடித்து இறக்கி, வெளிச்சம் படாமல் மூடி, மங்கிய சிவப்பு விளக்கில் திறக்கிறார்கள். பிழை ஐந்திலிருந்து பத்து சதவீதம் வரும். 2,500 வருஷத்துக்கு அது 125 முதல் 250 ஆண்டு. கரிமத்தின் தட்டைக் காலத்தில் அது ஒன்றும் மோசமில்லை.

இந்த முறையின் உண்மையான பலம் தொலைவில்தான் தெரியும். அத்திரம்பாக்கத்தில் இடைப் பழைய கற்காலக் கருவிகளை சாந்தி பப்பு குழுவினர் 2018இல் சுமார் 3,85,000 ஆண்டு என்று நிறுவியது ஒளிர்வு முறையில். அதற்கும் கீழே இருந்த கைக்கோடரி அடுக்குக்கு ஒளிர்வும் எட்டவில்லை. விண்கதிர் பட்டு உருவாகும் அலுமினியம்-26, பெரிலியம்-10 இரண்டின் விகிதத்தை அளந்து, 2011இல் சுமார் 15 லட்சம் ஆண்டு என்றார்கள். எரிமலைப் பாறைக்கான பொட்டாசியம்-ஆர்கான் முறை கிழக்கு ஆப்பிரிக்காவில் கொண்டாடப்படுவது; எரிமலைப் படிவு இல்லாத நம் குழிகளில் அதற்கு வேலை இல்லை.

ஆய்வுக்கூடமே வேண்டாத வழிகளும் உண்டு. 1945இல் அரிக்கமேட்டில் மார்டிமர் வீலர், இத்தாலியின் அரெட்சோ பகுதிச் சிவப்புப் பாண்டங்களை வைத்து அந்த இடத்தை கி.பி. முதல் நூற்றாண்டில் நிறுத்தினார். அவை குறுகிய காலமே செய்யப்பட்டவை என்பதால் கரிமத்தைவிடக் கூர்மையான அளவுகோல். ஆனால் கூடவே கிடைத்த உருளைக்கோட்டுப் பாண்டத்துக்கும் அதே காலத்தை ஒட்டிவிட்டது அவசரம். பின்னாளில் விமலா பெக்லி அதை ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டு முன்னே தள்ளினார். காசுக்கும் இதே எச்சரிக்கை: அந்த அடுக்கு காசைவிடப் பழையதாக இருக்க முடியாது என்பது மட்டுமே அது தரும் உறுதி.

எழுத்தின் வடிவை நான் கடைசியில்தான் வைப்பேன். பொருந்தலில் தமிழ்பிராமி பொறித்த பானைத்தாங்கி கிடைத்த ஈமக்குழியிலேயே இருந்த நெல் கி.மு. 490 என்றது. எழுத்தமைதியை நம்பியவர்கள், ஐராவதம் மகாதேவன் உட்பட, தமிழ்பிராமியை அசோகருக்குப் பிந்தையதாகக் கருதிவந்தார்கள். வாதம் இன்னும் நடக்கிறது. என் சாய்வு நெல் பக்கம். அந்தக் காலத்துக்கு அதே மாதிரி இன்னும் சில குழிகள் சாட்சி சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையோடு.

மாதிரி எடுக்கப் போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். கரிமத்துக்கான துண்டை வெறுங்கையால் தொடாமல் அலுமினியத் தாளில் சுற்றுங்கள். பஞ்சும் காகிதமும் இன்றைய கரிமத்தை ஏற்றிவிடும். ஒளிர்வுக்கு ஓடு அனுப்பினால் அதைச் சுற்றியிருந்த மண்ணையும் ஒரு பை கட்டி அனுப்புங்கள். அது இல்லாவிட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று கணக்கிட வழியில்லை.