காமிராவும் மாற்று அடாப்டரும்
(கோழிப் பண்ணையாளரும் நிலச் சொந்தக்காரரும் கவனிக்க வேண்டுவன)

மேட்டூர் அணை 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்து, 1937-ல் அங்கு மின்சார உற்பத்தி தொடங்கியபின், சேலம் சீமையின் கிணறுகளில் கவலை இறைப்பு படிப்படியாகக் குறைந்து மின்சாரப் பம்புகள் பெருகலாயின. குடியானவர் மின்சாரத்தை முதன்முதல் அறிந்தது இவ்விதம் பெரிய யந்திரங்களின் வாயிலாகவே. மோட்டாருக்கு 400 வோல்ட், விளக்குக்கு 230 வோல்ட் என்ற இரண்டு கணக்கே அவருக்கு வெகுகாலம் போதுமாயிருந்தது. இன்று பண்ணைகளில் புகுந்திருக்கும் காமிராக்களோ வேறு ஜாதியைச் சேர்ந்தவை. 5 வோல்ட், 9 வோல்ட், 12 வோல்ட் என்ற சிறு அளவுகளில் அவை வேலை செய்கின்றன. அளவு சிறியதாயினும் அதில் நேரும் பிழை சிறியதன்று.

நாமக்கல் சுற்றுவட்டாரக் கோழிப் பண்ணைகளில் காமிரா இப்பொழுது ஆடம்பரப் பொருளன்று. கொட்டகைக்குள் அடிக்கடி ஆட்கள் சென்று வருவதால் நோய்க்கிருமி பரவக்கூடுமாதலின், வெளியிலிருந்தபடியே தீவனமும் தண்ணீரும் ஒழுங்காய்ச் செல்கின்றனவா என்று பார்க்க அது உதவுகின்றது. பரமத்தி வேலூர், மோகனூர் பக்கத்து வாழைத் தோட்டங்களிலும், ஆத்தூர், ராசிபுரம் பக்கத்து மரவள்ளிக் காடுகளிலும் மோட்டார்க் கொட்டகையின் செப்புக் கம்பிகளைக் காக்கவென்று காமிரா வைப்பாருமுண்டு. இவற்றில் முதலில் கெட்டுப் போவது பெரும்பாலும் காமிராவன்று. அதற்கு மின்சாரம் ஊட்டும் அடாப்டரேயாகும். அது கெட்டவுடன் வீட்டில் கிடக்கும் வேறொன்றைச் செருகுவதும், கடைத்தெருவில் "இது பொருந்தும்" என்று கொடுப்பதை வாங்கி வருவதும் வழக்கமாயிருக்கின்றன. திருட்டு நிகழ்ந்த இரவில் பதிவு இல்லாமற் போவதற்கும், சில சமயம் கொட்டகையில் தீப்பற்றுவதற்கும் இவ்வழக்கம் இடங்கொடுக்கின்றது.

காமிராவை விற்ற கம்பெனியின் அடாப்டரையே வாங்கித்தான் தீரவேண்டும் என்பதில்லை. காவல் காமிராக்களில் அநேகம் அடாப்டர் இல்லாமலேயே விற்பனைக்கு வருகின்றன. வேறு கம்பெனியார் செய்த அடாப்டர் தரமுள்ளதாயும் அளவொத்ததாயும் இருப்பின் காமிராவுக்கு அதனால் தீங்கில்லை. ஆனால் செருகி ஒத்திருப்பதைக் கொண்டு அடாப்டர் ஒத்திருப்பதாக முடிவு செய்வதுதான் முற்றிலும் தவறானது. 5.5 மில்லிமீட்டர் கனமுள்ள உருண்டைச் செருகி 5 வோல்ட் அடாப்டரிலும் உண்டு, 9 வோல்ட்டிலும் உண்டு, 12 வோல்ட்டிலும் உண்டு, 24 வோல்ட்டிலும் உண்டு. ஆகையால் துளையைப் பாராமல் எழுத்தைப் பார்க்க வேண்டும்.

வோல்ட்டும் ஆம்பியரும்

அடாப்டரின் முதுகில் இரண்டு வரிகள் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்று அது வாங்கும் மின்சாரத்தைப் பற்றியது. 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருப்பது வழக்கம். மற்றொன்று அது கொடுக்கும் மின்சாரத்தைப் பற்றியது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்பது போல் இருக்கும். இரண்டாவது வரியே காமிராவுக்கு முக்கியமானது.

வோல்ட் என்பது மேல்தொட்டியின் உயரத்தைப் போன்றது. ஆம்பியர் என்பது குழாயில் ஓடும் தண்ணீரின் அளவைப் போன்றது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டுமென்பதைக் காமிராவைச் செய்தவர் நிர்ணயித்திருக்கிறார். அதை மாற்ற நமக்கு உரிமையில்லை. காமிராவின் மேல் 12 வோல்ட் என்றிருந்தால் அடாப்டரும் 12 வோல்ட்டாகவே இருத்தல் வேண்டும். ஆம்பியர் விஷயம் அப்படியன்று. காமிரா தனக்கு வேண்டியதை மட்டுமே இழுத்துக் கொள்ளும். ஆகவே 1 ஆம்பியர் வேண்டும் காமிராவுக்கு 2 ஆம்பியர் அடாப்டர் கொடுத்தால் அது எரிந்துபோகும் என்று பலர் அஞ்சுவது வீண் அச்சமே. பெரிய தொட்டி வைத்ததனால் குழாய் வெடிப்பதில்லை. ஆம்பியர் குறைவதே கெடுதல். இரவில் 0.6 ஆம்பியர் இழுக்கும் காமிராக்கள் நான்கை ஒரே 2 ஆம்பியர் அடாப்டரில் கட்டினால், தேவை 2.4 ஆம்பியர் ஆகி, அடாப்டர் சூடேறித் தளரும், நாளடைவில் உருகுவதுமுண்டு. அவ்விடத்தில் 4 அல்லது 5 ஆம்பியர் அடாப்டரே தகும்.

மூன்றாவதாகக் கவனிக்க வேண்டியது பிளஸ், மைனஸ் அடையாளம். நடுவில் ஒரு புள்ளியும், அதைச் சுற்றி அரைவட்டமும், இருபுறமும் பிளஸ், மைனஸ் குறிகளும் உள்ள சிறு படம் முதுகிலேயே இருக்கும். காவல் காமிராக்களில் செருகியின் உட்புறம் பிளஸ்ஸாக இருப்பதே சாதாரணம். ஆயினும் மாறி வரும் அடாப்டர்களும் உள்ளனவாதலால் படத்தைப் பாராமல் செருகலாகாது.

இம்மூன்றும் அறியாமல் கைக்குக் கிடைத்ததைச் செருகும்போது பண்ணைகளில் அகப்படும் பொருள் பெரும்பாலும் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரின் சார்ஜரே. அதன்மேல் 12 வோல்ட் என்றுதான் எழுதியிருக்கும். ஆனால் 12 வோல்ட் பேட்டரியை நிரப்புவதற்கு 14 வோல்ட்டோ அதற்கு மேலோ கொடுத்தாக வேண்டும். அந்தச் சார்ஜர் அவ்வாறே கொடுக்கின்றது. அது பேட்டரிக்கு ஏற்ற உணவு, காமிராவுக்கு ஏற்றதன்று. கனமான பழைய இரும்புத் துண்டு அடாப்டர்களும் இத்தகையவையே. சுமை குறைவாயிருக்கும்போது, 12 என்று எழுதியிருந்தும் 16 வோல்ட் வரை காட்டுபவை அவற்றுள் உண்டு. மின்சாரம் இல்லாத காட்டில் சூரியப் பலகை வைப்பவர்கள் இதைவிட அதிகமாக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். 12 வோல்ட் பலகை என்று விற்கப்படுவது, சுமையற்ற நிலையில், நல்ல வெயிலில் 21 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். அதைக் காமிராவோடு நேரே இணைத்தால் முதல் நாள் உச்சிப் பொழுதிலேயே காமிரா போய்விடக்கூடும். பலகைக்கும் காமிராவுக்கும் இடையே சார்ஜ் கண்ட்ரோலரும், பேட்டரியும், 12 வோல்ட்டாய் நிலைநிறுத்தும் கருவியும் இருத்தல் அவசியம்.

பகலில் நன்றாயிருந்து இரவில் நிற்கும் காமிரா

கோழிக் கொட்டகைகள் நீளமானவை. ஆகையால் அடாப்டர் ஆபீஸ் அறையிலும் காமிரா கொட்டகையின் கடைக்கோடியிலும் இருப்பது சகஜம். இவ்விடத்தில்தான் விளங்காத கோளாறு ஒன்று தோன்றுகின்றது. பகலெல்லாம் படம் தெளிவாயிருக்கும். பொழுது சாய்ந்தபின் காமிரா அணைந்து அணைந்து எரியும். காமிரா கெட்டதென்று மாற்றினால் புதியதும் அதையே செய்யும்.

காரணம் கம்பியில் இருக்கின்றது. காமிராவுக்கென்று விற்கப்படும் 3+1 கேபிளில் மின்சாரம் செல்லும் இழைகள் மெல்லியவை. அரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி 60 மீட்டர், அதாவது ஏறக்குறைய 200 அடி, ஓடினால், போக்கும் வரவும் சேர்த்து 120 மீட்டராகி, அதன் தடை சுமார் 4 ஓம் ஆகின்றது. பகலில் காமிரா 0.25 ஆம்பியர் இழுக்குமானால் வழியில் குறைவது 1 வோல்ட். மீதி 11 வோல்ட் போய்ச் சேரும். இருட்டில் பார்ப்பதற்கான அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியவுடன் அதே காமிரா 0.75 ஆம்பியர் இழுத்தால், வழியிலேயே 3 வோல்ட் கழிந்து, 9 வோல்ட்தான் எஞ்சும். காமிரா நின்றுவிடுகின்றது. விளக்கு அணைந்தவுடன் வோல்ட் ஏறுகின்றது; காமிரா மறுபடி விழிக்கின்றது; மறுபடி விளக்கு எரிகின்றது; மறுபடி நிற்கின்றது. சொட்டு நீர்க் குழாயின் தலைப்பில் தண்ணீர் பாய்ந்தும் கடைக்கோடிச் செடி வாடுவதைக் கண்டிருப்பவர்க்கு இது புதிதன்று. செப்புப் பூசிய அலுமினியக் கம்பியாயின் குறைவு இன்னும் அதிகம்; மலிவான கேபிள்களில் அத்தகையது மிகுதி.

இதற்குச் சிலர் செய்யும் பரிகாரம் 15 வோல்ட் அடாப்டர் வாங்கி வைப்பது. அன்றிரவு காமிரா வேலை செய்யும். பரிகாரம் பலித்ததென்று தோன்றும். மறுநாள் பகலில் இழுப்பு குறைந்தவுடன் காமிராவுக்கு 14 வோல்ட் போய்ச் சேருகின்றது. பல காமிராக்கள் 12 வோல்ட்டுக்கு மேல் நூற்றுக்குப் பத்து, அதாவது 13.2 வோல்ட் வரையே தாங்குவதாகச் செய்யப்பட்டவை. ஆகவே இரவுக் கோளாற்றை நீக்கப் போய்ப் பகலில் காமிராவை வேகவைத்ததாகும். தக்க பரிகாரம் கம்பியைப் பருமனாக்குவதே. ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி போட்டால் 3 வோல்ட் குறைவு 1 வோல்ட்டாகச் சுருங்கும். நெட்வொர்க் கேபிளிலேயே சுமார் 48 வோல்ட்டை அனுப்பி, காமிராவுக்குள் குறைத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதற்கேற்ற காமிராவாயிருந்தால் நீண்ட கொட்டகைகளுக்கு அதுவே மேலானது. எதைச் செய்யினும், எலக்ட்ரீஷியனைக் கொண்டு மல்டிமீட்டரால் அளப்பது காமிராவின் முனையில், இரவில், விளக்குகள் எரியும்போது நடைபெற வேண்டும். பகலில் ஆபீஸ் அறையில் அளந்து "12 சரியாயிருக்கிறது" என்று போவதால் பயனில்லை.

உயிருக்கு நேரும் அபாயம்

அளவு சரியாயிருந்தும் அடாப்டர் கெட்டதாயிருக்கலாம். அதனுள் 230 வோல்ட் பக்கமும் 12 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தீண்டாதபடி போதிய இடைவெளியும் காப்பும் இருக்க வேண்டும். பெயர் ஊர் இல்லாத மலிவுச் சரக்குகளில் செலவு குறைப்பது இந்த இடத்திலேதான். காப்பு விட்டால் 12 வோல்ட் கம்பியிலேயே 230 வோல்ட் ஏறும்; உலோகக் கூடுள்ள காமிராவும், அது பொருத்தப்பட்ட கம்பமும், கொட்டகையின் கம்பிக் கூண்டும் மின்சாரம் பாய்ந்தவையாகும். கோடைக் காலத்தில் நீர் தெளித்து ஈரமான தரையில் வெறுங்காலோடு நிற்கும் வேலையாளுக்கு இது என்ன செய்யும் என்பதை விரிக்க வேண்டியதில்லை.

இந்திய அரசு 2012-ஆம் வருஷத்தில் பிறப்பித்து, பின்னர் விரிவுபடுத்திய கட்டாயப் பதிவு உத்தரவு இத்தகைய அடாப்டர்களையும் உட்படுத்தியிருக்கின்றது. பதிவு பெற்றதன் மேல் பி.ஐ.எஸ். முத்திரையும், ஐ.எஸ். என்ற தர எண்ணும், ஆங்கில "ஆர்" எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கும். அவ்வெண்ணை "பி.ஐ.எஸ். கேர்" என்னும் மொபைல் செயலியில் இட்டால் செய்தவரின் பெயர் தெரியவரும். பெட்டியில் ஒரு பெயரும் செயலியில் வேறு பெயரும் வந்தால் சரக்கைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அன்றியும், கொட்டகையின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்சு ஒன்றை, எர்த்தும் சரியாகப் போட்டு, அமைத்துக்கொள்வது அடாப்டருக்கு மாத்திரமன்றி எல்லா மின்சாமான்களுக்கும் காப்பாகும்.

அடாப்டரை வைக்கும் இடமும் முக்கியம். இறகும் தீவனத் தூசியும் படிந்தால் சூடு வெளியேறாது. எச்சத்தின் அம்மோனியா ஆவி உள்ளிருக்கும் உலோகத்தை அரிக்கும். ஆகையால் அதைக் கொட்டகைக்கு வெளியே, நிழலில், தீப்பற்றாத பெட்டியில் வைத்து, மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தித் துடைக்க வேண்டும். தகரக் கூரையின் அடியில் கட்டித் தொங்கவிடுவது மிக மோசமான ஏற்பாடு.

கையில் எடுத்துச் செல்லும் காமிரா

பயிர்ச்சேதங்களைப் படமெடுக்க மொபைலே இப்பொழுது பெரும்பாலும் பயன்படுகின்றது. பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டி மழை போன்ற தனிப்பட்ட சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமாதலால், அதன் சார்ஜரும் வேலை செய்யும் நிலையில் இருப்பது நலம். செயல்விளக்கத் திடல்களில் செடியின் வளர்ச்சியை மணிக்கொருமுறை படமெடுக்க லென்ஸ் மாற்றும் பெரிய காமிராவை நிறுத்தி வைப்பவர்களுக்கு மட்டும் வேறு சில விஷயங்கள் உண்டு.

இத்தகைய காமிராக்களில் பேட்டரியின் உருவமே உடைய ஒரு கட்டையைப் பேட்டரி அறையில் செருகி, அதன் வால் கம்பியை அடாப்டரோடு இணைப்பது முறை. உள்ளே இரண்டு லித்தியம் செல்கள் கொண்ட பேட்டரி பெயரளவில் 7.2 வோல்ட்டாயினும், நிரம்பியபோது 8.4 வோல்ட் காட்டும். ஆனால் அதைக் கொண்டு அடாப்டரின் அளவை ஊகிக்கலாகாது. நைகான் கம்பெனியின் ஈ.எச்.-5 வகை அடாப்டர் 9 வோல்ட், 4.5 ஆம்பியர் கொடுப்பது. வேறு கம்பெனியாரின் அளவு வேறு. தம் காமிராவின் கையேட்டில் உள்ள அளவே பிரமாணம். காவல் காமிராவின் 12 வோல்ட் அடாப்டரை இதில் மாட்டுவது காமிராவைக் கொல்வதற்கு ஒப்பாகும். மாற்றுக் கம்பெனியாரின் கட்டைகளைச் சில காமிராக்கள் அடையாளம் கண்டு ஏற்க மறுப்பதுமுண்டு. வாங்குமுன் கடையிலேயே போட்டுப் பார்க்க வேண்டும். படம் பதிவாகும் நடுவில் மின்சாரம் போனால் கார்டில் உள்ள பழைய படங்களும் கெடக்கூடும். ஆதலால் மின்வெட்டு நேரும் இடங்களில் அடாப்டரை நேரே சுவரில் மாட்டாமல், ஒரு சிறிய யு.பி.எஸ். மூலம் மாட்டுவது சிலாக்கியம்.

டைப்-சி துளையுள்ள புதிய காமிராக்களில் இத்தொல்லை குறைவு. யு.எஸ்.பி. பி.டி. முறைப்படி செய்த சார்ஜர் முதலில் 5 வோல்ட்டை மட்டுமே கொடுத்து, காமிரா கேட்ட பின்னரே 9 வோல்ட்டுக்கோ அதற்கு மேலோ உயரும். ஆனால் துளை டைப்-சியாயிருப்பதனாலேயே எல்லாக் காமிராவும் அதன் வழியாய் ஓடும் என்பதில்லை. சிலவற்றில் காமிராவை நிறுத்தி வைத்தால்தான் பேட்டரி நிரம்பும்.

சித்திரை, வைகாசி மாதங்களில் இடியுடன் கோடை மழை வரும்போது, எவ்வளவு உயர்ந்த அடாப்டரும் மின்னல் அடியைத் தாங்காது. மின்கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்தாலும், 230 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏறக்கூடும். இடி முழக்கம் கேட்கத் தொடங்கியவுடனேயே, மின்னல் நெருங்குமுன், செருகியைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஸ்விட்சை மட்டும் அணைப்பது போதாது. பண்ணையில் அளவொத்த அடாப்டர் ஒன்றை உதிரியாக வைத்து, எந்தக் காமிராவுக்குரியது, எத்தனை வோல்ட் என்பதை அதன் கம்பியிலேயே துணி நாடாவில் எழுதிக் கட்டிவிட்டால், நடு இரவில் வேலையாள் ஸ்பிரேயர் சார்ஜரைத் தேடிப் போக மாட்டான்.