அகத்திற்கு இட்ட தாழ்

மக்கள் கூடி வாழுமிடத்து யாவர்க்கும் உரியன சில. ஒரு சிலர்க்கே உரியன சில. ஒருவர் தம் நெஞ்சிற்கே உரியன சில. படிப்பகத்து மேசைமேற் கிடக்கும் நாளிதழை எவரும் எடுத்துப் படிக்கலாம். அதனருகே ஒருவர் மறந்து வைத்துச் சென்ற கடிதத்தைப் படித்தல் ஆகாது. இரண்டும் ஒரே மேசைமேற் கிடப்பினும் அவற்றின் உரிமை வேறு. இவ்வேற்றுமையை அறிவால் உணரும் நாம், ஒழுக்கத்தாற் பலகால் மறந்துவிடுகின்றோம். பலர் நடுவே ஒருவரது அகச்செய்தியைக் காத்தற்குரிய வழிகள் யாவை என்பதனை இக்கட்டுரைக்கண் ஒருசிறிது ஆராயப் புகுகின்றோம்.

முதலாவது, பெயரை மறைத்தல். தொல்காப்பியர் பொருளதிகாரத்து அகத்திணையியலில், அன்பின் ஐந்திணை நுவலுங்கால் இன்னார் என ஒருவர் பெயரைச் சுட்டுதல் இல்லை என வரையறுத்தார். காதலும் பிரிவும் ஊடலும் உலகறியப் பாடப்படும். அவை யாருடையன என்பது மட்டும் அடைக்கப்படும். நிகழ்ச்சி பொதுவாகவும் ஆள் மறைவாகவும் நிற்றலே அகப்பாட்டின் இயல்பு.

இவ்விலக்கணம் எத்துணை நுட்பமாகப் போற்றப்பட்டதென்பதற்கு நெடுநல்வாடை சான்றாகும். நக்கீரர் பாடிய இப்பாட்டு 188 அடிகளையுடையது. அரண்மனைக்கண் தலைவி பிரிவாற்றாது வருந்துகின்றாள். பாசறைக்கண் அரசன் நள்ளிரவிலும் துயிலாது, புண்பட்ட வீரரைக் கண்டு ஆறுதல் அளிக்கின்றான். பிரிவுத் துயர் கூறலின் இஃது அகமாதற்கு யாதும் தடையில்லை. அரசன் பெயரும் சொல்லப்படவில்லை. ஆயினும், ஆங்குக் கூறப்படும் வேலின் தலையில் வேம்பு கட்டப்பட்டிருந்தது. வேம்பு பாண்டியர்க்குரிய அடையாளப் பூ. அக்குறிப்பு ஒன்றினாலேயே ஆள் சுட்டப்பட்டமையின், பாட்டுப் புறமாயிற்று என நச்சினார்க்கினியர் உரைத்தார்.

இதனின்று நாம் கற்கும் பாடம் யாது? பெயரை நீக்கிய துணையானே ஒருவர் மறைந்துவிடார் என்பதே. "ஒரு மாணவர்" என்று தொடங்கி, அவர்தம் ஊரையும் வகுப்பையும் அறையெண்ணையும் ஒருவன் கூறிவிடுவானாயின், பெயரை மறைத்ததனால் வந்த பயன் என்னை? ஒரு தழைக்கொத்து அகத்தைப் புறமாக்கவல்லதெனின், ஊரும் வகுப்பும் ஆக்கமாட்டாவோ?

இரண்டாவது, எழுத்தை மறைத்தல். ஆங்கில நாட்டுச் சாமுவேல் பீப்ஸ் என்பார் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதினார். 1665-ஆம் ஆண்டின் கொள்ளைநோயும், 1666-இல் இலண்டனை எரித்த பெருந்தீயும், தம் சொந்தக் குற்றங்களும் அதன்கண் ஒளிவின்றிக் கூறப்பட்டன. ஆனால் அவர் அதனை யாவரும் எளிதிற் படிக்கும் எழுத்தில் எழுதாது, ஷெல்டன் என்பார் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதினார். அவர் 1703-இல் இறந்த பின்னர், அவருடைய நூலகம் 1724-இல் கேம்பிரிட்ஜிலுள்ள மாடலின் கல்லூரியை அடைந்தது. ஆறு தொகுதிகளான அக்குறிப்பும் அந்நூல்களோடு சென்று, ஏறக்குறைய நூறாண்டு வாளா கிடந்தது.

பின்னர், ஜான் ஸ்மித் என்பார் 1819 முதல் 1822 வரை உழைத்து அவ்வெழுத்தைப் படித்தறிந்தார். அதன் திறவுகோலாகிய ஷெல்டனின் நூல் அந்நூலகத்திலேயே இருந்ததனை அவர் அறியாதது வியப்பே. 1825-இல் ஒரு பகுதி மட்டும் அச்சேறியது. முழுதும் 1970-க்கும் 1983-க்கும் இடையே வெளிவந்தது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். "ஸ்மித் அதனைத் திறந்தது தகுமெனின், பிறர் ஏட்டை நாம் திறத்தலும் தகாதோ?" என்பார் உளர். தகாது என்போம். பீப்ஸ் தம் ஏட்டை எரியிலிடவில்லை. கட்டமைத்துத் தம் நூல்களோடு வைத்துச் சென்றார். அதனால் துன்புறத்தக்கார் அனைவரும் மறைந்து நெடுங்காலம் ஆயிற்று. காலம் திறத்தற்குரிய கதவை, உயிரோடிருப்பார் முன்னிலையில் நாம் உடைத்தல் முறையன்று.

இதனை யாம் நூலால் மட்டும் அறிந்திலேம். ஒருநாள் விடுதியில் ஒருவர்தம் குறிப்பேடு பிறர் கைப்பட்டது. ஒருவர் அதனை உரக்கப் படித்தார். சூழ இருந்தோர் நகைத்தனர். நகைத்தோருள் யாமும் இருந்தோம். உரியவர் வந்தபொழுது அவ்வறை ஊமையாயிற்று. அவர் யாரையும் வையவில்லை. ஏட்டை வாங்கிக்கொண்டு சென்றார். அதன்பின் அவர் எழுதக் கண்டிலேம். அவர் யார் என்பதற்குரிய குறிப்பு ஒன்றும் ஈண்டுத் தரமாட்டோம். அத்துணையேனும் யாம் அவர்க்குச் செய்யக் கடமைப்பட்டுள்ளோம்.

மூன்றாவது வழி, படிப்போரை வரையறுத்தல். பெயரை மறைப்பதும் எழுத்தை மறைப்பதும் எழுதுவோர் செயல். இதுவோ கூட்டத்தார் அனைவர்தம் கடமை. ஒருவர்க்குக் காட்டியது பலர்க்குக் காட்டியதாகாது. நம்பித் தந்ததனைப் பெற்றவர், தந்தவர் இசைவின்றி மூன்றாமவர்க்கு அளித்தல் ஆகாது. ஐயம் தோன்றுமிடத்து உரியவரை வினவுக. வினவ இயலாதாயின் மூடிவைக்க.

இங்ஙனம் கூறுதலால், எல்லாவற்றையும் மறைத்தலே அறம் என யாம் கொண்டோம் என எண்ணற்க. எளியார்க்கு இழைக்கும் தீங்கை மறைவென்னும் போர்வையாற் காத்தல் பெரும்பாவம். அதனைத் தீர்க்கவல்லார் செவிப்படுத்தலே கடன். நகைத்தற்பொருட்டுத் திறப்பதும் காத்தற்பொருட்டுத் திறப்பதும் ஒன்றல்ல.

செபிக்குங்கால் அறையுட் சென்று கதவைப் பூட்டிக்கொள்ளுமாறு நம் ஆண்டவர் கற்பித்தார். மறைவில் நிகழ்வதைக் காணும் பிதாவின் முன்னன்றிப் பிறர்முன் திறக்கப்படாத ஓர் அறை ஒவ்வோர் உயிர்க்கும் உண்டு. அவ்வறையின் தாழ் மிகச் சிறிது. பிறர் விரல் பட்டாலும் நீங்கிவிடும். ஆதலின், அதனைக் காப்பது இரும்பன்று, உடன் வாழ்வாரது நாணமேயாம்.